கூரையின் மறுபாதி

அன்றைக்கு லீலா வேலை விட்டு வந்து கதவைத் திறந்தபோது சுவருக்கு மேலே வெளிச்சம் இல்லை.

வெளியார் யாருக்கும் இது ஒரு விஷயமாகவே பட்டிருக்காது. அந்தத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத்தான் தெரியும். அது இரட்டை லயம். நீளமான ஒரே தகரக் கூரை, அதற்கடியில் முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு வரிசை ஒற்றை அறைக் காம்பராக்கள், நடுவில் ஒரு சுவர். கட்டின வெள்ளைக்காரனுக்கு என்ன கஞ்சத்தனமோ, அந்தச் சுவரைக் கூரை வரைக்கும் ஏற்றாமல் மேலே ஒரு முழம் விட்டுவிட்டான். அந்தப் பக்கம் விளக்குப் போட்டால் இந்தப் பக்கத் தகரத்தில் மஞ்சளாக விழும், அந்தப் பக்கம் கருவாடு பொரித்தால் இந்தப் பக்கம் சோறு ஒரு கவளம் கூடுதலாக இறங்கும், அங்கே யாராவது இருமினால் இங்கிருந்து சுடுதண்ணி குடிக்கச் சொல்லுவார்கள். குழம்பு வாய்த்துவிட்டால் சுவரைத் தட்டி, வாங்குப் பலகைமேல் ஏறி, அந்த இடைவெளி வழியாகக் கிண்ணத்தை நீட்டுவார்கள். வாங்கின கிண்ணத்தை வெறுமனே திருப்பக் கூடாது. ஒரு பிடி உப்பாவது போட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

இந்தப் பக்கக் கடைசிக் காம்பராவில் லீலாவும் அவள் அம்மா ரெங்கம்மாவும் இருந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் நிரோஜாவும் அவள் அப்பா சின்னராசாவும். அன்றைக்கு அங்கிருந்து வெளிச்சமும் வரவில்லை, சின்னராசாவின் ரேடியோவும் பாடவில்லை, வெங்காயம் வதங்குகிற வாசமும் இல்லை. தண்ணீர் ஊற்றி அணைத்த அடுப்பின் ஈரச் சாம்பல் வாசம் மட்டும் மேலிருந்து மெல்ல இறங்கி வந்தது.

லீலாவுக்கு முதலில் வந்தது பயமல்ல, எரிச்சல். நிரோஜா என்றாலே அவளுக்கு ஆகாது. ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர்கள்தான், ஒரே கொண்டைப்பின்னை மாற்றி மாற்றிக் குத்திக்கொண்டவர்கள்தான். ஆனால் டீச்சர்மார் கூப்பிடுகிற பெயர் எப்போதும் நிரோஜா. ஒரே துணியில் இரண்டு பேரும் சட்டை தைத்தால் எடுப்பாகத் தெரிவதும் அவளுக்கு. இப்போது பதுளை டவுனில், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மாடியில், உள்ளூராட்சித் தேர்தல் முடிவுகளை வரைபடமாக்கும் ஒரு நிறுவனத்தில் இரண்டு பேருக்கும் வேலை. எந்த வட்டாரத்தில் எந்தக் கட்சி வென்றதோ அந்த நிறத்தைப் பூச வேண்டும், எல்லைக்கோடு போட வேண்டும், வாக்குகளை ஏற்ற வேண்டும். மாதக் கடைசியில் வேலை முடிகிறது, ஒருத்தியைத்தான் நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள். பொறுப்பாளர் சுரேன் இந்தத் தோட்டம் அடங்கிய பிரதேச சபையின் படத்தை நிரோஜாவிடம் கொடுத்திருந்தார். லீலாவிடம் கொடுத்தது ஊர்ப்பெயர்களில் எழுத்துப் பிழை பார்க்கிற வேலை. எழுத்துப் பிழை!

அன்று மத்தியானம் நிரோஜா இரண்டு பேருக்கும் சேர்த்துச் சாப்பாடு வாங்கக் கீழே இறங்கிப் போனாள். லீலா அவள் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். நாற்காலி இன்னும் சூடாக இருந்தது. திரையில் மேலிருந்து எடுத்த தோட்டத்துப் படம். பச்சைக்கு நடுவே அவர்களுடைய தகரக் கூரை. தோட்டத்தின் மேல்பிரிவான மேல்கணக்கு வட்டாரத்துக்கும் கீழ்ப்பிரிவான கீழ்க்கணக்கு வட்டாரத்துக்கும் இடையிலான எல்லை அந்தக் கூரையின் முகட்டில்தான் ஓடியது. லீலாவின் வாக்கு கீழே, நிரோஜாவின் வாக்கு மேலே. லீலா மேல்கணக்கின் கோட்டை மட்டும் பிடித்து, கடைசி மூலையைத் தேயிலைக்குள் கொஞ்சம் இழுத்துவிட்டாள். நிரோஜாவின் காம்பரா எந்த வட்டாரத்திலும் சேராமல் ஒரு வெள்ளைக் கீறலாக நின்றது. சொந்த வீட்டையே எல்லைக்கு வெளியே விட்டவள் என்று நாளைக்கு எல்லோரும் சிரிக்கட்டும், சுரேன் முகத்தைச் சுளிக்கட்டும், அவ்வளவுதான் அவள் கணக்கு. சேமித்துவிட்டுத் தன் இடத்துக்கு வந்தாள். சாப்பாடு வாங்கப் போனவள் அதற்குப் பிறகு வரவில்லை.

"அம்மா, நிரோஜா வீட்ல யாரும் இல்லையா?"

ரெங்கம்மா லீக்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். "யாரு வீட்ல?"

"பின்னால காம்பராவுலம்மா."

"அதுல யாருடீ இருக்கா? நான் வாக்கப்பட்டு வந்ததுலருந்து பூட்டித்தானே கெடக்கு."

அம்மா விளையாடுகிறவள் இல்லை. லீலா லயத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். மற்றக் காம்பராக்களில் டீவி ஓடியது, பிள்ளைகள் சத்தம் போட்டார்கள். கடைசிக் கதவில் துருப்பிடித்த பூட்டு. வாசற்படியில் பன்னச்செடி முளைத்து முழங்கால் உயரத்துக்கு நின்றது. காலையில் இதே வாசலில் நின்றுதான் நிரோஜா, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கூப்பிட்டிருந்தாள்.

மறுநாள் ஆபீஸில் நிரோஜாவின் நாற்காலியில் பைல்கள் அடுக்கியிருந்தன, வருஷக் கணக்காக அங்கேயே இருப்பதுபோல் தூசியோடு. படத்தின் அடியில் தயாரிப்பு என்ற இடத்தில் லீலாவின் பெயர். சுரேன் தேநீர்க் கோப்பையோடு வந்து, இவ்வளவு பெரிய வேலையைத் தனியாளாகச் செய்துவிட்டீர்களே என்றார்; கொழும்பில் பேசியாகிவிட்டதாம், மாதம் முடிய நிரந்தரமாம். நிரோஜா என்று ஒருத்தி இருந்தாளே சேர் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை.

அந்தக் கோட்டைப் பிடித்துப் பழையபடி ஒரு இழுப்பு இழுத்திருந்தால் போதும், நிரோஜா திரும்பியிருப்பாள். அவளுக்கு அது தெரிந்திருந்தது, சும்மா சொல்லக் கூடாது. விரல் மவுஸின் மேல் போயும் விட்டது. ஆனால் பயத்துக்கு அடியில் ஒரு குளிர்ச்சியும் ஓடியதே, அதை என்ன செய்வது? பிறந்ததிலிருந்து பக்கத்தில் நின்று வெளிச்சத்தை மறைத்தவள் இல்லை. பாராட்டு முழுசாகத் தனக்கு. லீலா விரலை எடுத்துக்கொண்டாள். போகும்போது அம்மாவுக்கு பட்டர் கேக் வாங்கிப் போனாள்.

கேக்கை வெட்டிக்கொண்டிருந்தபோது சுவர் தட்டப்பட்டது.

மெல்ல. விரல் மடக்கி, நிரோஜா தட்டுவது போலவே. ரெங்கம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. காதில் விழவில்லையா என்று கேட்டதற்கு, காத்துக்குத் தகரம் அடிக்கிறது என்றாள். லீலா அண்ணாந்து பார்த்தாள். சுவரின் விளிம்பில், இருட்டிலிருந்து, விரல் நுனிகள் வந்து பிடித்துக்கொண்டன. நகத்தில் பண்டாரவளையில் இரண்டு பேரும் சேர்ந்து வாங்கிய மெரூன் பூச்சு. பிறகு நீல விளிம்பு வைத்த நிரோஜா வீட்டு எனாமல் கிண்ணம் மெதுவாக மேலே வந்து இந்தப் பக்கம் சாய்ந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. அது அப்படியே வெகுநேரம் நின்றது. லீலா வாங்கவில்லை.

அடுத்த மாலை மணிக்கட்டு வரைக்கும் வந்தது. கண்ணாடி வளையல்கள் தகரத்தில் உரசிச் சிணுங்கின. அந்த நிலைமையிலும் பாருங்கள், தன் கையில் மங்கிக் கிடக்கிற அதே வளையல் அந்தக் கையில் எவ்வளவு எடுப்பாக இருக்கிறது என்று லீலாவுக்குத் தோன்றியது. தோன்றியதும் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. அதற்கடுத்த மாலை முழங்கை சுவரைத் தாண்டிக் கீழே மடிந்தது. பிறகு தோள் வர வேண்டும். தோள் வரவில்லை. முழங்கைக்கு மேலே கையே வந்தது, இன்னும் கை, இன்னும் கை. வாங்கின்மேல் நின்று நீட்டுகிற யாருக்கும் அவ்வளவு நீளக் கை கிடையாது. ரெங்கம்மா அதற்கு நேர் கீழே பாயை விரித்து, கொட்டாவி விட்டுப் படுத்தாள்.

படம் கொழும்புக்குப் போக வேண்டிய நாள் வந்தது. பெரிதாக அச்சடித்து மேசையில் விரித்த சுரேன் ஓர் இடத்தில் விரலை வைத்தார்.

"இந்த வெள்ளை என்ன லீலா? வாக்கு எல்லாம் சரியாக் கூடுது. ஆனா இது எந்த வட்டாரத்துலயும் இல்லையே."

லீலா அந்த வெள்ளையைப் பார்க்காமல் படத்தின் ஓரத்தைத் தடவி நேராக்கினாள்.

"ஒண்ணு கோட்டை இழுத்துச் சேருங்க. இல்ல, ஆளில்லாத இடம்னா சாம்பல் கலர் போட்டு மூடிருங்க. இப்பவே அனுப்பணும்."

காடு, பாறை, ஓடை, ஆளில்லாத நிலத்துக்கெல்லாம் அந்தப் படத்தில் சாம்பல் நிறம்தான். லீலா திரையின் முன் உட்கார்ந்தாள். கோட்டைச் சேர்த்தால் கை போய்விடும், கைக்குரியவள் வந்துவிடுவாள். பைல்கள் இருக்கிற நாற்காலியில் வந்து உட்கார்ந்து சிரிப்பாள், படத்தின் அடியில் அவள் பெயர் வரும், லீலா மறுபடியும் எழுத்துப் பிழை பார்ப்பாள். சாம்பலைப் போட்டால் ஒரேயடியாக அடங்கிவிடும் என்று அவள் மனசு அவளுக்கே சொல்லிக்கொடுத்தது. மேலிருந்து பார்த்தால் தெரிவது தகரம் மட்டும்தானே. ஆத்திரத்தோடு கூரையின் கடைசித் துண்டைச் சுற்றிக் கட்டம் கட்டி, சாம்பலை ஊற்றினாள். ஒரு கூரைக்கு அடியில் இரண்டு வீடு இருக்கிறது என்பது அந்த ஆபீஸிலேயே அவள் ஒருத்திக்குத்தான் இப்போது தெரியும். அவளுக்குத்தான் அது மறந்துபோனது. படம் போய்ச் சேர்ந்தது.

அன்று மாலை வீட்டுக்குப் போகிற ஸ்பிரிங்வெளி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். வளைவு திரும்பும்போது தேயிலைக்கு நடுவே, மூடுபனிக்குள், எந்தத் தோட்டத்து லயமோ ஒன்று தெரிந்தது. நீளமான கூரை. ஒரே கூரை. முகட்டுக்கு இந்தப் பக்கமும் புகை வந்தது, அந்தப் பக்கமும் புகை வந்தது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சாம்பல் முகட்டின் இந்தப் பக்கமும் விழுந்திருக்கிறது.

சுரேனுக்குப் போன் எடுத்தாள். யார் பேசுறீங்க என்றார் அவர். லீலா, சேர், நம்ம லீலா என்றாள். அப்படி யாரும் இங்கே வேலை செய்யவில்லை, நம்பரைச் சரியாகப் பாருங்கள் என்று மரியாதையாகத்தான் சொல்லி வைத்தார். அம்மாவின் நம்பரை அழுத்தினாள். அப்படி ஓர் இலக்கம் பாவனையில் இல்லை என்று ஒரு பெண்குரல் மூன்று மொழியிலும் சொன்னது. டிக்கட் போட வந்த கண்டக்டர் அவள் சீட்டைத் தாண்டிப் பின்னால் போனார்.

இறங்கி ஓடினாள். பனி. ஈரத் தேயிலை வாசம். லயத்து விளக்குகள் வரிசையாக எரிந்தன, கடைசிக்கு முந்திய காம்பராவோடு நின்றன. அதற்கப்புறம் இருட்டு. அடுத்த காம்பராவில் இருக்கும் துஷாந்த், லீலா வீட்டு முன்திண்ணை இஸ்தோப்பில் நின்று வாயில் ஆணிகளைக் கவ்விக்கொண்டு பலகைகளை அளந்துகொண்டிருந்தான். காலிக் காம்பராவை இப்படியே விட்டு வைத்தால் பாம்பு வரும், இன்றைக்கே அடைத்துவிடுகிறேன் என்று தன் காம்பராவுக்குள் இருந்த மனைவியிடம் சொன்னான். லீலா அவன் பெயரைச் சொல்லிக் கத்தினாள். கையைப் பிடித்து இழுத்தாள். அவன் ஏதோ பூச்சி உட்கார்ந்ததுபோல் கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டான்.

வாசற்படியில் பன்னம். முழங்கால் உயரம்.

கதவைத் தள்ளினாள். உள்ளே ஈரச் சாம்பல் வாசம். அடுப்பு இல்லை. டீவி இல்லை. கேக் இருந்த தட்டு இல்லை.

அம்மா இருந்தாள்.

சுவரைப் பார்த்துத் தரையில் உட்கார்ந்திருந்தாள். முடி அவிழ்ந்து கிடந்தது.

"வந்துட்டியா?" திரும்பவில்லை. "எனக்கும் இப்பக் கேக்குதுடீ. எத்தன நாளாத் தட்டிக்கிட்டுக் கெடந்திருக்கா, பாவம்."

"அம்மா, எந்திரிம்மா. வெளிய வா."

"இரு. தலைய வாரி விடுறா."

சுவரின் மேலிருந்து கை இறங்கியிருந்தது. சுவர் முழுக்க இறங்கி, தரையில் மடிந்து, சுருண்டு, அம்மாவின் முதுகு வழியாக ஏறியிருந்தது. மெரூன் நகங்கள் முடிக்குள் போய் வந்தன. நிதானமாக. சிக்கெடுத்து. சிக்கெடுத்து.

லீலாவின் முதுகுக்குப் பின்னால் கதவு சாத்தப்பட்டது. பலகை வந்து உரசியது. முதல் ஆணி.

"துஷாந்த்!"

இரண்டாவது ஆணி. கதவின் இடுக்கில் வந்துகொண்டிருந்த வெளிச்சம் பாதியானது.

மேலே வளையல் சிணுங்கியது. நிரோஜாவின் மற்றக் கை, நீல விளிம்புக் கிண்ணத்தோடு. சுவரைத் தாண்டியது. முழங்கை. இன்னும் கை. கீழே. கீழே. லீலாவின் நெஞ்சுக்கு நேராக வந்து நின்றது.

கிண்ணம் வெறுமையாக இருந்தது.

"வாங்கிக்கடீ," என்றாள் ரெங்கம்மா. "வெறுமனே மட்டும் திருப்பிக் குடுத்துராத."

வெளியே துஷாந்த் கடைசிப் பலகையை எடுத்து வைத்தான்.