நிஜத்தைக் காணவில்லை!

"நீங்க திருடல?"

"சத்தியமா நான் திரு—"

"நேத்து எதிர்க்கடைக்குள்ள போகல?"

"போனேன், ஆனா அது—"

"போனேன்னு ஒத்துக்கிட்டார்! வக்கீல் சார், எழுதிக்குங்க!"

"மேடம், என்னைக் கொஞ்சம் பேச விடு—"

"பேசுங்களேன்! யார் உங்க வாயைக் கட்டினா? எதுக்குப் போனீங்க?"

"அது வந்து..."

"பார்த்தீங்களா, வரல!"

இருவருக்கும் நடுவே, துணி வெட்டும் மேஜை மேல், ஓர் உடல் மல்லாந்து கிடந்தது.

தலை இல்லை.

கைகள் இல்லை.

வயிறு மட்டும் ஊதியிருந்தது...!

தையல் கடைப் பொம்மை. அதைப் பார்த்து யாரும் அலறவில்லை. அலறல் முழுவதும் உயிரோடு நின்றிருந்த கட்டிங் மாஸ்டருக்கே ஒதுக்கப்பட்டிருந்தது.

இருபத்திரண்டு வருடமாக இந்தக் கடையில் கத்தரி பிடித்தவர். கழுத்தில் அளவு நாடா. கண்ணில் கலக்கம்.

மணி பதினொன்று. பன்னிரண்டுக்குள் உண்மையைச் சொல்லாவிட்டால் வேலை போகும். அதற்கான கடிதம் தயார். முதலாளியம்மா பேனா மூடியையும் திறந்தாகிவிட்டது.

கடிதத்தை எழுதிக் கொடுத்தது, டிரையல் ரூம் கதவுக்கு மேலே தெரிந்த ஒரு தலை. உடல் கதவுக்குப் பின்னால்.

"மேடம், என் பேன்ட்டை மட்டும் குடுத்துட்டா, இப்பவே ஸ்டேஷனுக்குப் போய் புகாரும் குடுத்துடுவேன்" என்றது தலை. வக்கீலுடையது.

"பேன்ட்டைப் பிரிச்சுப் போட்டாச்சு சார். தைக்க வேண்டியவர்தான் இங்க குற்றவாளியா நிக்கறாரே!"

"அப்போ தண்டனையைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாமே?"

கல்லாவில் உட்கார்ந்திருந்த முதலாளியம்மாவின் கணவர் இருமினார். இரண்டு நாளாகவே இருமிக்கொண்டிருந்தார்.

வாசலில் செருப்புச் சத்தம்.

காதில் பென்சில் போல ஒரு ஸ்க்ரூடிரைவர். தோளில் பை. அந்தத் தெருவில் செத்துப்போன கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் எழுப்பி உட்கார வைக்கும் ரிப்பேர் அக்கா!

"யாருக்கு என்ன ஆச்சு?"

"திருட்டு அக்கா! என் கஸ்டமர் அளவெல்லாம் திருட்டுப் போச்சு!"

"அளவைத் திருடி என்னம்மா பண்ணுவான்? போட்டுக்குவானா?"

"விளையாடாதீங்க. எதிர்ல ஒருத்தன் திங்கக்கிழமை புதுசா தையல் கடை திறந்தான். அன்னிக்குக் காலையிலேர்ந்து கம்ப்யூட்டர்ல நம்ம அளவு ஷீட்டைத் திறக்கும்போதெல்லாம் ஒரு மெசேஜ். நேத்து இவர் கையில சின்னதா எதையோ மூடிக்கிட்டு எதிர்க்கடைக்குள்ள போறார். என் ரெண்டு கண்ணால பார்த்தேன்!"

"மெசேஜைக் காட்டுங்க."

முதலாளியம்மா சொடுக்கினார். திரை வெளுத்தது. அளவு ஷீட் வருவதற்கு முன்பே, நடுவில் ஒரு பெட்டி குதித்தது.

*F:\நிஜம் — காணவில்லை!*

"நிஜத்தைக் காணோமா?" என்றது தலை. "கோர்ட்டுல தினமும் நடக்கறதுதான்."

"ப்ரோக்ராமையே அழிச்சுட்டு புதுசாப் போட்டோம் அக்கா. அப்பவும் வருது!"

"வரும். வீட்டுக்கு வெள்ளையடிச்சா குடியிருக்கறவன் போயிடுவானா? நகருங்க."

அக்கா உட்கார்ந்தார். ஒரு விரலால் கண்ட்ரோல் பொத்தானை அழுத்திப் பிடித்தார். அழுத்தியபடியே ஷீட்டைத் திறந்தார்.

எல்லோரும் மூச்சை அடக்கினார்கள்.

பெட்டி வரவில்லை...!

"சரியாயிடுச்சா?" என்று கல்லாவிலிருந்து கணவர் எழுந்தார். குரலில் அளவுக்கு மீறிய சந்தோஷம்.

"உக்காருங்க சார். இது வெறும் சோதனை. இப்படித் திறந்தா, யார் என்ன சொல்லி வெச்சிருந்தாலும் அதைக் காதுல வாங்காது. அப்போ மெசேஜ் வரல. அதாவது ப்ரோக்ராம் சுத்தம். யாரோ அதுகிட்ட ஒரு வேலை சொல்லி வெச்சிருக்காங்க!"

கணவர் உட்கார்ந்தார். இருமினார்.

அக்கா மறுபடி வழக்கம்போலத் திறந்து, வந்த பெட்டியை மூடிவிட்டு, அமைப்புகளுக்குள் நுழைந்தார். கீழே... இன்னும் கீழே...

"இதோ!"

நாலு தலைகள் திரையை நோக்கி நீண்டன. ஒன்று கதவுக்கு மேலிருந்து.

"'தொடங்கும்போது இந்த ஃபோல்டர்ல இருக்கற எல்லாத்தையும் திற'ன்னு ஒரு கட்டம் இருக்கு பாருங்க. அதுல யாரோ F:\நிஜம்னு எழுதி வெச்சிருக்காங்க. F-ங்கறது பென்டிரைவ். தினமும் ஷீட்டைத் திறந்தா, இது அந்தப் பென்டிரைவைத் தேடிப் போகுது. கிடைக்கல. கத்துது."

"திருடன் எழுதினதா?"

"திருடன் சத்தமில்லாம எடுத்துட்டுப் போவான்மா. தினமும் ஃபைலைத் தேடித் திறக்க அலுத்துக்கிட்டு, ப்ரோக்ராமையே திறந்து வைக்கச் சொல்றவன் திருடன் இல்ல. சோம்பேறி!"

முதலாளியம்மாவின் பார்வை தானாகவே கணவர் பக்கம் திரும்பியது. பழக்கதோஷம். உடனே மாஸ்டரிடம் திரும்பி வந்தது.

"கடையில இருக்கற எல்லாப் பென்டிரைவையும் எடுங்க" என்றார் அக்கா. "ஒவ்வொண்ணா சொருகி ஷீட்டைத் திறப்போம். எதைச் சொருகினா கத்தலையோ... அதுக்குச் சொந்தக்காரர்தான் ஆள்!"

"பிரமாதம்!" என்றது தலை. "சட்டப்படி செல்லாது. ஆனா பிரமாதம்."

"முதல்ல என்னோடது!" முதலாளியம்மா கைப்பையிலிருந்து எடுத்து வீசினார். "என்கிட்ட ஒளிவுமறைவே கிடையாது!"

சொருகினார்கள். திறந்தார்கள்.

*காணவில்லை!*

கதவுக்கு மேலிருந்து ஒரு கை நீண்டது. "என்னோடதும் பாருங்க. சும்மா நிக்கறேனே."

*காணவில்லை!*

"மாஸ்டர்?"

மாஸ்டர் சட்டைப்பைகளை வெளியே இழுத்துவிட்டார். சாக்பீஸ். இரண்டு பொத்தான். ஒரு நூல்கண்டு.

"என்கிட்ட பென்டிரைவே கிடையாதுக்கா."

"எதிர்க்கடையில குடுத்தாச்சு, எப்படி இருக்கும்!" முதலாளியம்மா பேனாவை எடுத்தார். "இருபத்திரண்டு வருஷமா நான் கட்டிக்காத்த கடை அக்கா! கஸ்டமர் மனசு நோகக் கூடாது, அவங்க சொல்றதுதான் அளவுன்னு ஷீட்ல எழுதறோம். முப்பத்தாறுன்னா முப்பத்தாறு. வேற எந்தக் கடையில தைச்சாலும் இறுக்கிப் பிடிக்கிற துணி, இங்க தைச்சா கச்சிதமா உக்காருது. அது நம்ம ராசி!"

மாஸ்டரும் கணவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. மிகவும் கவனமாகப் பார்த்துக்கொள்ளவில்லை.

அக்கா அதைப் பார்த்துவிட்டார்.

"இந்தப் பொம்மைக்கு என்ன, மாசமா?" என்றார், பேச்சை மாற்றுவது போல. வயிற்றைச் சுற்றி அடுக்கடுக்காகத் துணி.

"அதையும் கேளுங்க! ஒரு கஸ்டமருக்காம். யாருன்னு சொல்ல மாட்டாராம்!" முதலாளியம்மா முகத்தைச் சுளித்தார். "இப்படியும் ஒருத்தி வயித்தை வளர்ப்பாளா? பாவம், அவ புருஷன்! என்னைப் பாருங்க. கல்யாணத்தன்னிக்கு முப்பத்திநாலு. இன்னிக்கும் முப்பத்திநாலு! சாயந்தரம் வியாபாரிகள் சங்க விழா மேடையில புதுக் கோட்டு போட்டுக்கிட்டு நிக்கப் போறேன், பாருங்க."

கணவருக்கு இருமல் தாங்கவில்லை.

அக்கா பொம்மையின் வயிற்றில் கை வைத்தார்.

"தொடாதீங்க!" கணவர் துள்ளி எழுந்தார். "அதுல... ஊசி இருக்கு!"

"ஊசிக்கு இவ்வளவு பயப்படறவர், தையல் கடையில எப்படி சார் இத்தனை வருஷம் குப்பை கொட்டினீங்க?"

அக்காவின் விரல்கள் துணி மடிப்புக்குள் நுழைந்தன.

ஒரு சுற்று.

இரண்டாவது சுற்று.

நின்றன...!

வெளியே வந்தபோது விரல்களுக்கு நடுவே சின்னதாக, கறுப்பாக...

பென்டிரைவ்!

"அய்யோ" என்றார் கணவர்.

"அய்யய்யோ" என்றார் மாஸ்டர்.

"ஆப்ஜெக்‌ஷன்!" என்றது தலை, எதற்கென்று தெரியாமலே.

அக்கா சொருகினார். ஷீட்டைச் சொடுக்கினார். திரை வெளுத்தது.

ஒரு விநாடி...

இரண்டு விநாடி...

பெட்டி இல்லை. கத்தல் இல்லை!

"ஏங்க...!" முதலாளியம்மாவின் குரல் உடைந்தது. "நீங்களா? சொந்தக் கடையிலேயா?"

"திருடலம்மா! கஸ்டமர் சொன்ன அளவுலயே தைச்சா யாருக்கும்மா துணி உக்காரும்? மாஸ்டர் நிஜமா அளந்து என் காதுல சொல்வார். நான் தனியா எழுதி வெச்சுப்பேன். தினமும் காலையில நீ வர்றதுக்கு முன்னாடி பென்டிரைவைச் சொருகித் திறந்தா, தானா வந்து நிக்கும். மாஸ்டர் பார்த்துக் குறிச்சுப்பார். நீ வரும்போது அந்த ஃபைலை மட்டும் மூடிட்டு பென்டிரைவைக் கழட்டிடுவேன். ப்ரோக்ராம் ராத்திரி வரைக்கும் திறந்தே இருக்கும்."

"இத்தனை நாளா மெசேஜ் வரலையே?"

"திறக்கும்போது பென்டிரைவ் இருந்தா ஏன்மா கத்தப் போகுது? எதிர்க்கடை திறந்த அன்னிலேர்ந்து நீ ஏழு மணிக்கே வந்து கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்துக்கிட்ட. அதுக்கப்புறம் நான் எங்க சொருகறது?"

"மாஸ்டர், அப்போ நீங்க எதிர்க்கடைக்குப் போனது...?"

"அங்க என் மச்சினன் வேலை செய்யறான் மேடம். அவன் கம்ப்யூட்டர்ல சாரோட பென்டிரைவைச் சொருகி, ஒரே ஒரு அளவு பார்த்துட்டு வந்தேன். அவசர வேலை. இன்னிக்கு சாயந்தரமே குடுக்கணும்."

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே!"

"சாரைக் காட்டிக் குடுக்கச் சொல்றீங்களா மேடம்? இருபத்திரண்டு வருஷம் அவர் கையால டீ குடிச்சிருக்கேன்."

முதலாளியம்மா ஒரு நிமிடம் அவரையே பார்த்தார். கண் கலங்கியது.

கடிதத்தை எடுத்தார். நாலாகக் கிழித்தார்.

"மன்னிச்சுடுங்க மாஸ்டர். உங்களை விட்டா இந்தக் கடையே இல்ல. போய் வக்கீல் சார் பேன்ட்டைத் தைங்க."

மாஸ்டர் முதல் முறையாக மூச்சு விட்டார். சீக்கிரமாக விட்டுவிட்டார்!

ஏனென்றால் அந்தக் கிழட்டுக் கம்ப்யூட்டரில் ஷீட் தன் வேலையை இன்னும் முடிக்கவில்லை. நிஜத்தில் இருந்த ஃபைல் தானாகவே, யாரும் கேட்காமலே, திரை முழுக்க விரிந்தது. பட்டப்பெயர்கள். சொன்ன அளவு. நிஜ அளவு.

"பீரங்கி வக்கீல்... சொன்னது முப்பத்தாறு. நிஜம் நாப்பத்திநாலு" என்று அக்கா உரக்கப் படித்தார்.

கதவுக்கு மேலிருந்த தலை மறைந்தது.

"அதுக்கும் மேல முதல் வரி என்னக்கா?" என்றார் முதலாளியம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அக்கா படிக்கவில்லை. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"நான் வரட்டுமா? அடுத்த தெருவுல ஒரு பிரின்டர் உயிருக்குப் போராடுது."

முதலாளியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தானே படித்தார்.

"மேலிடம்... சொன்னது முப்பத்திநாலு. நிஜம் நாப்பத்திரண்டு. அவசரம்... கோட்டு... விழாவுக்கு..."

அவர் பார்வை திரையிலிருந்து பொம்மையின் வயிற்றுக்குப் போனது.

அங்கிருந்து தன் இடுப்புக்கு வந்தது.

அங்கிருந்து கணவரின் முகத்தில் போய் நின்றது.

கடையில் ஒரு ஊசி விழுந்தது. எல்லோருக்கும் கேட்டது.

முதலாளியம்மா மெதுவாக நடந்துபோய், மாஸ்டரின் கழுத்திலிருந்த நாடாவை உருவினார். கணவர் முன்னால் நீட்டினார்.

"வாங்க... எல்லார் முன்னாடியும் நீங்களே அளந்து சொல்லுங்க பார்ப்போம். மேலிடத்துக்கு இப்போ எவ்வளவு?"