மிளகுக்கு இரும்பு வேண்டாம்

தடால்!

வேலை முடிந்து ஆட்களை ஏற்றி வந்த ஜீப்பின் ஹார்ன் கேட்டுத் துள்ளி ஓடிய பிலோமியின் நாய் மிளகு, வாசலிலேயே விழுந்தது. கால்கள் விறைத்தன.

"வலிப்பு!" என்று அலறிய பக்கத்து வீட்டு மிக்கேல்ராஜ், தன் கொத்துச் சாவியை நாயின் பாதத்தில் திணித்தார்.

சற்று நேரத்தில் மிளகு எழுந்து தும்மியது.

"பாத்தீங்களா? இரும்பு பட்டதும் எந்திரிச்சிருச்சு!"

"போன வாரம் சாவியே வைக்கல, மாமா. அப்பவும் எந்திரிச்சது" என்றாள் பத்து வயது பிலோமி.

"எதுத்துப் பேசாத, புள்ள! இது கடிச்சா நமக்கும் வலிப்பு வரும். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் கம்பம் மலை இறக்கத்துல கொண்டு விட்டுருவேன்."

கம்பம்மெட்டு ஏலத்தோட்டத்தின் மற்ற வீட்டுக்காரர்களும் தலையாட்டினார்கள். பிலோமிக்குக் காது சுட்டது. ஒருவராவது மிளகின் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார்களா?

மறுநாள் ஜீப் வரும் நேரம். அம்மாவின் போனை ஜன்னலில் சாய்த்து வீடியோவைப் போட்டாள். ஹார்ன் அடித்தது. மிளகு விழுந்தது. பிலோமி பாய்ந்து அதன் நெஞ்சில் இடது கையை வைத்தாள். வலது கையில் கரண்டி. ஒவ்வொரு துடிப்புக்கும் தட்டில் தட்டினால் வீடியோவில் பதியும்.

துடிப்பே இல்லை! கரண்டி அந்தரத்தில் நின்றது.

டங்!

டங்... டங்...

மிளகு எழுந்தது.

சனிக்கிழமை அப்பாவுடன் மிருக ஆசுபத்திரிக்குப் போனாள். மேஜைமேல் நின்ற மிளகு, மலையாள டாக்டர் அனுப்பிரியாவின் கையை நக்கியது.

"நல்ல சுகமா இருக்கே!"

"இங்க மட்டும் நல்ல புள்ளையா நடிக்கிறியா?" என்று மிளகை முறைத்துவிட்டு, பிலோமி வீடியோவைக் காட்டினாள்.

டாக்டர் இரண்டு முறை பார்த்தார். ஈ.சி.ஜி. எடுத்தார்.

"வலிப்பு இல்ல, மோளே. இதயத்துடிப்பு நடுவுல நின்னு நின்னு போகுது. அதான் மயக்கம். யாருக்கும் ஒட்டாது. மாத்திரை குடு. துள்ள விடாத."

ஞாயிற்றுக்கிழமை மிக்கேல்ராஜ் கயிற்றோடு வந்தார். அவரைக் கண்ட சந்தோஷத்தில் மிளகு துள்ளியது. அவர் காலடியிலேயே விழுந்தது.

அவர் சாவியை உருவினார்.

"அது வேண்டாம்! நெஞ்சுல கை வைங்க மாமா!"

வைத்தார். "ஐயோ பிலோமி, ஒண்ணுமே இல்லையே!... இரு, வந்துருச்சு! ஒண்ணு... ரெண்டு..."

மிளகு எழுந்து அவர் மூக்கை நக்கியது. கயிறு ஒரு பக்கம், சாவி ஒரு பக்கம் கிடக்க, அவர் நடுங்கியபடி தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பிலோமி சாவியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"இந்தாங்க மாமா, இரும்பு. இப்ப நீங்க எந்திரிங்க!"