மாற்ற ஆள் வராத காவல்

தளபதி விண்டன் வீட்டை நான் அடைந்தபோது மாலை நான்கு மணி. ஆற்றிலிருந்து மூடுபனி ஏறிக்கொண்டிருந்தது. கதவை அவரே திறந்தார். ஆறு தேர்தலில் ஜெயித்து வாஷிங்டன் போன மனிதர். வீட்டில் ஈ காக்கை இல்லை. கணப்புகூட மூட்டவில்லை.

"ஓரின் பெஞ்சாதி லூசிண்டா நான்," என்றேன். "நம்ம ஊர்ப் போர்வீரர் தூண்ல வர்ற வாரம் சண்டையில செத்தவங்க பேரப் பொறிக்கிறாங்க. எம் புருஷன் பேரு மட்டும் இல்ல. பட்டாளத்த விட்டு ஓடிப்போனவர்னு நீங்கதான் எழுதியிருக்கீங்களாம். அவரு ஓடுற ஆளா? அத மாத்தி ஒரு கடுதாசி குடுங்கய்யா."

அவர் ஜன்னலைக் காட்டினார்.

வெளியே யாரோ நடந்தார்கள். பத்து அடி. நின்று, திரும்பி, மறுபடி பத்து அடி.

இடது காலை இழுத்து நடக்கும் நடை.

கலப்பை கிழித்த ஓரினின் அந்தக் காலுக்குக் கட்டுப் போட்டவளே நான்தான்.

"பதவி போய் இங்க வந்த நாள்லேந்து இப்படித்தான்," என்று கிசுகிசுத்தார். "அவன் ஓடலம்மா. வர்ஜீனியாவுல ஆத்துத் துறையில காவலுக்கு நிறுத்தினதே நான்தான். திடீர்னு பின்வாங்கினோம். அவன மாத்த ஆள் அனுப்ப மறந்துட்டேன். அங்கேயே நின்னு செத்துட்டான். அத எழுத வெக்கமா இருந்துச்சு. ஓடிட்டான்னு எழுதிட்டேன்."

"அடப்பாவி! ஒருத்தனையும் விட்டுட்டு வரலன்னு மேடை மேடையா சொல்லித்தானே ஓட்டு வாங்கின!"

கதவைத் திறந்து, "ஓரின்!" என்று கத்தினேன். பனிக்குள் பட்டாளத்து நீலக் கோட்டு தெரிந்தது. போருக்குப் போன இந்த இருபத்திரண்டு வருடத்தில் ஒரு முடி நரைக்கவில்லை. என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. காவலில் நிற்பவன் பேசக் கூடாது. மாற்று ஆள் வந்து நிற்காமல் இடத்தை விட்டு நகரவும் கூடாது. ஓரின் சொன்ன சொல் தட்டாதவர். வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன்.

"நிறுத்தினது நீதானே? நீயே போய் அனுப்பி வை!"

"மாத்து ஆள் வேணுமேம்மா," என்றார் மெதுவாக. "இந்த வீட்ல என்னை விட்டா யாரு இருக்கா?"

கடிதம் எழுதிக் கையெழுத்திட்டு என்னிடம் தந்தார். கோட்டை மாட்டிக்கொண்டு பனிக்குள் இறங்கினார்.

நடை நின்றது.

இழுத்து நடக்கும் காலடி என்னை ஒட்டிக் கடந்தது. நனைந்த கம்பளி வாசனை வந்தது. "வீட்டுக்குப் போங்க," என்றேன். சாலையில் அந்தச் சத்தம் தேய்ந்து மறைந்தது.

தளபதியை ஊரே தேடியது, கிடைக்கவில்லை. தூணில் ஓரின் பெயர் ஏறிவிட்டது.

நவம்பரில் தளபதி வீட்டு வழியாகப் போக வேண்டி வந்தது. அன்றும் பனி. வேலிக்கு அந்தப் பக்கம் கனத்த பூட்ஸ் சத்தம், பத்து அடி நடந்து திரும்பியது.

"லூசிண்டா..."

காவலில் பேசக் கூடாது என்பதைக்கூட மறந்துவிட்டார், பாவம்.

"எனக்கு மாத்து யாராச்சும் வர்றாங்களா?"

அவருக்குப் பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை. ஓட்டுப் போட்டவர்களும் மறந்தாயிற்று.

"வந்துட்டே இருக்காங்கய்யா," என்று பொய் சொன்னேன்.