ஒரு விரற்கடை

கதவோர அலமாரியில் புத்தகங்கள் ஒரு விரற்கடை முன்னால் வந்து நின்றன. ஒன்றிரண்டு என்றால் யாரோ எடுத்துப் பார்த்துவிட்டுச் சரியாகத் தள்ளவில்லை என்று விட்டுவிடலாம். ஒரு தட்டு முழுக்க, இந்த முனையிலிருந்து அந்த முனை வரை, நூல் பிடித்த மாதிரி அத்தனையும் ஒரே அளவில் வெளியே தலைநீட்டிக்கொண்டிருந்தன. சிவஞானம் அவற்றை உள்ளங்கையால் உள்ளே தள்ளினான். கையை முகர்ந்தபோது வசம்பு வாடை அடித்தது.

கமலாட்சி அப்படித்தான் தேடுவாள். புத்தகத்தின் முதுகு உச்சியில் ஆள்காட்டி விரலைக் கொக்கி போல மாட்டி இழுப்பாள். பின்னால் ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பாள். முதுகில் இரண்டு தட்டுத் தட்டித் தூசியை உதிர்ப்பாள். அப்புறம் ஒரு விரற்கடை வெளியே விட்டுவிட்டு அடுத்ததற்குப் போவாள். மறுநாள் எங்கே விட்டோம் என்று தெரிய வேண்டுமே, அதற்காக. பூச்சி அரிக்காமலிருக்கத் தட்டுக்குத் தட்டு வசம்பு முடிந்து வைத்தவளும் அவள்தான். அவள் விரல்களில் எப்போதும் அந்த வாடை இருக்கும். அவள் செத்து, காரியமும் முடிந்துவிட்டது.

எழுபத்திரண்டாம் வருஷ மழைக்காலம் அது. கடல் தாண்டிய தீவில், கராச்சர்மாவில், ஆராய்ச்சிக்காரர்களுக்கென்று மெயின்லாந்துப் பல்கலைக்கழகம் ஒன்று நடத்திய நூலகம். தகரக் கூரை, மரச் சுவர், பூஞ்சை பிடிக்காமலிருக்க அலமாரிக்கு அடியில் ராப்பகலாக எரியும் குண்டு பல்புகள். ரங்கத் காட்டை வெட்டிக் குடியேறியவர்களைப் பற்றி ஆராய வந்த புது ஆள் சிவஞானம். அவனுக்கு வேண்டியதெல்லாம் மடித்த வரைபடங்களோடு கூடிய ஒரு பழைய நில அளவைப் புத்தகத்தில் இருந்தது. தீவு முழுக்கத் தேடினாலும் அந்த ஒரு பிரதிதான். வெளியே கொண்டுபோகக் கூடாது, அங்கேயே உட்கார்ந்து படிக்க வேண்டும். போதாக்குறைக்கு ஜெயராமன் என்ற இன்னோர் ஆராய்ச்சியாளன் சென்னையிலிருந்தே எழுதி அதைத் தனக்கென்று முன்பதிவு செய்துவிட்டான். அடுத்த கப்பலில் வருகிறான். உதவித்தொகை இருவரில் ஒருவருக்குத்தான் நீளும்.

சிவஞானம் புத்தகத்தை ஒளித்தான். கடைசி அலமாரியின் மேல் தட்டில், ஜென்மத்துக்கும் யாரும் தொடாத மீன்பிடி அறிக்கைகளுக்குப் பின்னால். திருடவில்லை, நூலகத்துக்குள்ளேதானே இருக்கிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். படித்தவனுக்குச் சமாதானத்துக்குப் பஞ்சமா என்ன.

வேலை நிரந்தரமாகாத உதவியாளர் கமலாட்சி. வெள்ளைக்காரன் கைதிகளைத் தீவுக்கு அனுப்பிய தண்டனைக் காலத்திலேயே இங்கு வந்த குடும்பம். புத்தகம் தொலைந்தால் முதலில் அவள் சீட்டுத்தான் கிழியும்.

"நஹி மிலா சார்," என்பாள் தினமும் சாயங்காலம், தூசி படிந்த கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு. "கிடைக்கவே இல்ல. எங்க வெச்சீங்கன்னு ஞாபகம் இருக்கா சார்?"

"மேஜையிலதான் வெச்சேன்," என்பான்.

ஒவ்வொரு தட்டாக நகர்ந்து ஒரு நாள் கடைசி அலமாரிக்கே வந்துவிட்டாள். அவன் அவசரமாக எழுந்து வேறு பக்கம் கை காட்டினான்.

"அந்த ஜன்னலோர அலமாரியில, மேல பாருங்களேன்."

"அந்த ஏணி சரியில்ல சார்."

"ஒரு நிமிஷ வேலைதானேம்மா."

சார் சொன்னால் சரியாக இருக்கும் என்று ஏறினாள் பாவி மகள். மேல்படியைக் கரையான் தின்றிருந்தது. அவன் ஓடிப்போய்ப் பார்த்தபோது அவள் தலை ஒரு பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. எந்தத் தலையும் அவ்வளவு தூரம் திரும்பக் கூடாது.

நூலகர் ராஜமாணிக்கம் கதையை ஒரே வாக்கியத்தில் முடித்தார். "யாருக்கோ தூக்கிக் கொடுத்துட்டா தம்பி, அப்புறம் தேடுற மாதிரி நடிச்சிருக்கா."

சிவஞானம் தலையாட்டினான். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இப்போதும் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. அவள் குடையை வாங்கிப் போக வந்த தங்கை சந்திரமதி, வாசலில் மழையில் நின்றபடியே கேட்டாள்: "எங்க தீதி திருடி இல்ல சார். பெரிய சார்கிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்." சொல்கிறேன் என்றான். சொல்லவில்லை.

அதற்கு மறுநாள்தான் கதவோரத் தட்டு வெளியே வந்தது.

அவன் தள்ளிவிட்டுப் போனான். அடுத்த நாள் அந்தத் தட்டோடு அதன் கீழ்த் தட்டும். அதற்கடுத்த நாள் அலமாரி முழுக்க. மரம் ஈரத்தில் ஊதுகிறது என்றார் ராஜமாணிக்கம். ஊதும் மரம் வரிசை தவறாமல் கதவிலிருந்து உள்நோக்கி ஊதுமா? படிப்பு மேஜையில் உட்கார்ந்தால் காது தானாகப் பின்னால் போயிற்று. தகரத்தில் மழை கொட்டும் சத்தத்துக்கும் தவளைகளுக்கும் நடுவே, ஈரத்தில் ஒட்டிக்கொண்ட அட்டைகள் ஒன்றை ஒன்று விட்டுப் பிரியும் மெல்லிய ஓசை. சற்று நிதானம். டக், டக். மறுபடியும் அட்டை பிரியும் ஓசை. எழுந்து போய்ப் பார்த்தால் பல்பு வெளிச்சமும் நீள நிழல்களும் வசம்பு வாடையும்தான். அவசரமே இல்லாத தேடல். முதலிலிருந்து தொடங்கிய தேடல். கடைசி அலமாரியை நோக்கி வந்துகொண்டிருந்தது.

கப்பல் விடிந்தால் வருகிறது என்று தெரிந்த அன்று, கடைசி அலமாரியின் மேல் தட்டைத் தவிர எல்லாமே வெளியே நின்றன.

எடுத்து நூலகர் மேஜையில் வைத்துவிட்டால் என்ன என்று அவன் நினைக்காமல் இல்லை. சந்திரமதி முகம் கண்முன் வந்தது. கப்பல் திரும்பிப் போகட்டும், ஜெயராமன் வெறுங்கையோடு போகட்டும், அப்புறம் வைத்துவிடலாம் என்று ஒத்திப்போட்டான். இப்போதைக்கு அவனுக்கு இன்னொரு யோசனை வந்தது. கதவோர அலமாரியை அவள் தேடி முடித்துவிட்டாள். தேடிய இடத்தில் மறுபடி தேட மாட்டாள். புத்தகத்தை அங்கே மாற்றி வைத்தால் தீர்ந்தது. செத்தவளையே ஏமாற்றப் புறப்பட்டான் அந்த மகராசன்.

மெயின்லாந்தில் வெயில் அடிக்கும் நேரத்துக்கு இங்கே இருட்டிவிடும். ராஜமாணிக்கம் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். மழை நின்றிருந்தது. கூரையிலிருந்து சொட்டும் நீர் மட்டும். சிவஞானம் வெளியே நீட்டிக்கொண்டிருந்த புத்தகங்களுக்கு நடுவே தோளை ஒடுக்கி நடந்தான். புது ஏணியைக் கடைசி அலமாரியில் சாய்த்தான். ஒவ்வொரு படியையும் மிதித்துப் பார்த்து ஏறினான்.

மேல் தட்டு ஒழுங்காக இருந்தது. அவள் இன்னும் வரவில்லை. மீன்பிடி அறிக்கைகளை விலக்கிப் பின்னால் கைவிட்டான். சில்லிட்ட அட்டை. இழுத்தான். வரவில்லை. ஊதிப்போய்ப் பலகையோடு ஒட்டியிருந்தது. பல்லைக் கடித்து இழுத்தான். பிரிந்தது. மார்போடு அணைத்துக்கொண்டான். அப்பாடா என்றிருந்தது.

சொட்டும் நீர் நின்றது.

வசம்பு.

அவன் முகம் அலமாரியைப் பார்த்து இருந்தது. முதுகு நடைபாதையைப் பார்த்து. அந்த உயரத்தில், வெறும் காற்று இருக்க வேண்டிய இடத்தில், யாரோ அவன் காதருகே மெல்ல மூச்சு விட்டார்கள்.

"மில் கயா சார்," என்றது அந்தக் குரல். "கிடைச்சிருச்சு."

பிடரிக்குக் கீழே, சட்டைக் காலருக்குள், ஒரு விரல் நுழைந்தது. ஈரமாக. கொக்கி போல மடங்கியது.

இழுத்தது.

ஏணியோடு சேர்ந்து அவன் பின்னால் நகர்ந்தான். தோளுக்கு மேலாக ஒரு தலை வந்து அவன் முன்பக்கத்தை எட்டிப் பார்த்தது. திரும்பக் கூடாத அளவுக்குத் திரும்பிய தலை. அது புத்தகத்தைப் பார்க்கவே இல்லை, அவனைத்தான் பார்த்தது.

முதுகெலும்பில் தட்டிற்று. டக். டக்.

பிறகு விரல் விட்டது. ஏணி விழவில்லை. எதிலும் சாயாமல், அலமாரியிலிருந்து ஒரு விரற்கடை விலகி, அவனைச் சுமந்துகொண்டு அப்படியே நின்றது.