கொழும்பு தாண்டிய பெட்டி

ஆணியில் ஒரு சட்டை மிச்சம் இருந்தது.

திருப்பரங்குன்றம் ரோட்டில் இருந்த அந்த ஏற்றுமதிக் கம்பெனியின் கிடங்குச் சுவரில் வரிசையாக ஆணி அடித்திருக்கும். சரக்கு ஏற்ற வருகிறவர்கள் சட்டையைக் கழற்றி அதில் மாட்டிவிட்டு வெற்றுடம்போடு வேலை பார்ப்பார்கள். முடிந்ததும் அவரவர் சட்டையை உதறிப் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போய்விடுவார்கள். அந்த வெள்ளிக்கிழமை, கண்டெய்னரைச் சுமந்த டிரெய்லர் லாரி வாசலில் உறுமிக்கொண்டு நிற்க, டிரைவர் பேயாண்டிக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்த சீதாராமன் சும்மா ஒரு தரம் திரும்பிப் பார்த்தான். எல்லா ஆணியும் காலி, ஒன்றைத் தவிர. நீலக் கட்டம் போட்ட சட்டை. காற்றே இல்லாத வெயிலில் அசையாமல் தொங்கியது.

யாரோ மறந்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டான். லாரி புறப்பட்டது.

கம்பெனியின் முதல் கண்டெய்னர் அது. அதுவரை துண்டும் படுக்கை விரிப்பும் மரப்பெட்டியில்தான் கப்பலேறின. இரண்டு மாதம் கழித்து, பாதி நனைந்து போய்ச் சேரும். ஷிப்பிங் கிளார்க் சீதாராமன்தான் முதலாளியின் பின்னாலேயே அலைந்து இந்த இரும்புப் பெட்டியை வரவழைத்தான். அவன் மேஜைக்குப் பின்னால் உலகப் படம் ஒன்று மாட்டி, வழி நெடுகக் குண்டூசி குத்திச் சிவப்பு நூல் கட்டியிருந்தான். தூத்துக்குடியிலிருந்து சின்னக் கப்பலில் கொழும்பு. கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாற்றம். பிறகு அரபிக்கடல், செங்கடல், சூயஸ் கால்வாய், கடைசியில் ராட்டர்டாம். மொத்தம் இருபத்தெட்டே நாள். வருகிறவன் போகிறவனிடமெல்லாம் முதலாளி அந்த நூலைக் காட்டி, நம்ம அய்யர் மெட்ராஸ்காரனையே மிஞ்சிட்டார் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்று காலை பெட்டிக்கு மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்துப் பூஜை. சரக்கு பெட்டியை நிறைக்கவில்லை. அட்டைப்பெட்டிகளை இரு பக்கமும் அடுக்கி, நடுவில் ஆள் ஒருக்களித்து நுழையும்படி சந்து விட்டிருந்தார்கள். சாம்பிராணிப் புகை கடைசி அட்டைப்பெட்டி வரை போய்ச் சேர வேண்டும் என்பது முதலாளியின் ஆசை. சுமை தூக்குகிறவர்களில் ஒல்லியானவன் திருவாதவூர்த் தவசி. தூபக்காலை அவன் கையில் கொடுத்து உள்ளே அனுப்பியது சீதாராமன்தான். உள்ளிருந்து புகை சுருள் சுருளாக வந்துகொண்டே இருந்தது. பத்தரைக்கு ராகு காலம். ராகு காலம் பிறந்த பிறகு கதவைச் சாத்தினால் அந்தச் சரக்கே எனக்கு வேண்டாம் என்று முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பதற, மேளக்காரர் கெட்டிமேளம் தட்ட, எல்லோரும் கை கூப்பிக் கண்ணை மூடி நிற்க, சீதாராமன் இரண்டு கதவையும் இழுத்துச் சாத்திக் கொண்டியைப் போட்டான். கஸ்டம்ஸ் அதிகாரி சீல் வைத்தார். பூசணிக்காய் உடைந்தது.

தவசி புகையோடு புகையாக இறங்கியிருப்பான் என்றுகூட அவன் நினைக்கவில்லை. தவசி என்று ஒருவன் இருந்ததே அப்போது அவனுக்கு ஞாபகமில்லை.

சாத்தூரில் பேயாண்டி டீ குடிக்க வண்டியை ஓரங்கட்டினான். சீல் சரியாக இருக்கிறதா பார்க்கலாம் என்று சீதாராமன் பின்பக்கம் போனான். இரும்புச் சுவர் அடுப்பாகக் கொதித்தது. கதவு இடுக்கிலிருந்து கொஞ்சமாய்ச் சாம்பிராணி வாசனை. புதுத்துணிக் கஞ்சியின் வாசனை. பிறகு, மிக அருகில், அவன் முகத்துக்கு நேராக, யாரோ இருமினார்கள்.

அவன் நின்றான்.

மூன்று தட்டு. இருமல். அதன் பிறகு, தொண்டை வறண்டு, "சார்."

ரோட்டில் ஒரு பஸ் போயிற்று. டீக்கடை ரேடியோவில் யாரோ பாடினார்கள். சீல் உடைத்தால் மறுபடி அதிகாரி வர வேண்டும், கப்பல் போய்விடும், அடுத்த கப்பலுக்குள் வியாபாரமே முறிந்துவிடும் என்று மனசு மளமளவென்று காரணம் சொல்லியது. காரணம் அதுவல்ல என்பது அவனுக்குத் தெரியும். கதவைத் திறந்ததும் தவசி தள்ளாடி இறங்குவான். பேயாண்டி பார்ப்பான். டீக்கடையே எழுந்து வந்து பார்க்கும். ஆளை உள்ளே வைத்துப் பூட்டிய அய்யர் என்று மதுரை வரைக்கும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை அவனால் தாங்க முடியாது. தூத்துக்குடியில் சொல்லிக்கொள்ளலாம், அங்கே தெரிந்த முகம் கிடையாது. அவ்வளவுதான். இன்னும் கொஞ்ச நேரம்தானே.

அவன் போய் டீ குடித்தான். சர்க்கரை தூக்கலாக இருந்தது. அது அவனுக்கு ருசித்தது.

தூத்துக்குடியில் கிரேன் பெட்டியைத் தூக்கியபோது அவன் கையில் கையெழுத்துக்கான காகிதங்கள் இருந்தன. சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. செத்தே போயிருப்பான், இனிமேல் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று தோன்றியது. பெட்டி கப்பலின் மேல் இறங்கிக்கொண்டிருந்த அந்த நேரத்தில், வெகு உயரத்தில், லேசாக, மூன்று தட்டு.

அவன் கையெழுத்துப் போட்டான்.

திங்கட்கிழமை தவசியின் மனைவி ஜெயக்கொடி வந்து கிடங்கு வாசலில் நின்றாள். பெட்டி அப்போது கொழும்பு யார்டில் பெரிய கப்பலுக்காகக் காத்துக்கிடந்தது. வீட்டுக்காரர் வெள்ளிக்கிழமையிலிருந்து வீடு வரவில்லை என்று விசாரித்தாள். வேலையாட்கள் சீதாராமனைப் பார்த்தார்கள்.

"வந்தான். பூஜை முடிஞ்சதும் கிளம்பிட்டான்," என்றான். தன் குரல் இத்தனை சாதாரணமாக வருவதைக் கேட்டு, இன்னும் ஒரு வரி சேர்த்தான். "திருப்பூர் போறதா யார்கிட்டயோ சொல்லிண்டிருந்தான்."

பனியன் கம்பெனியில் எவளோ சொக்குப்பொடி போட்டுவிட்டாள் என்று ஒருவன் முணுமுணுக்க, இரண்டு பேர் சிரித்தார்கள். ஜெயக்கொடி சிரித்தவர்களைப் பார்க்கவில்லை. நேராகப் போய் ஆணியிலிருந்த நீலக் கட்டம் போட்ட சட்டையை எடுத்தாள்.

"சட்டையில்லாமயா சார் திருப்பூர் போவாக?"

மேஸ்திரி மொக்கையன், அவனும் திருவாதவூர்க்காரன்தான், மூட்டைமேல் உட்கார்ந்தபடி சீதாராமனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் வேலையாட்கள் எல்லோரும் போன பிறகு சீதாராமன் டெலக்ஸ் எந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தான். கொழும்பு ஏஜெண்டுக்கு ஒரே ஒரு வரி போதும். பெட்டியை உடனே திறந்து பார்க்கவும் என்பது வரைக்கும் அடித்துவிட்டான். ஏன் என்று கேட்பார்களே. என்ன சொல்வது? முதலாளி பின்னால் வந்து, பெட்டி கப்பலேறிடுச்சா என்று தோளில் கை வைத்தார். சீதாராமன் இன்னும் அனுப்பாத அந்தச் செய்தி நாடாவைக் கிழித்துக் கையில் கசக்கினான்.

மறுநாள் கொழும்பிலிருந்து தகவல். பெட்டி பெரிய கப்பலில் ஏறிவிட்டது. இனி ராட்டர்டாம் வரைக்கும் யாரும் திறக்க முடியாது.

அவனுக்குச் சட்டென்று நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியைப் பார்த்துத்தான் முதல் முதலாகப் பயந்தான்.

வடக்கு மாசி வீதியில் அவன் குடியிருந்த வீடு இரண்டே அறை. கடலுக்கும் அதற்கும் ஐம்பது மைலுக்கு மேல். ஆனால் கப்பல் அரபிக்கடலில் இருந்த நாட்களில் குடிக்கிற தண்ணீர் அவனுக்கு உப்புக் கரித்தது. மனைவி ஸ்யாமளா வாயில் விட்டுப் பார்த்து, நன்றாகத்தானே இருக்கிறது என்றாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் படுத்திருந்தவனை அவள் உலுக்கி எழுப்பினாள்.

"ஏன்னா, எதுக்கு இப்படிச் சுவத்தைத் தட்டிண்டே இருக்கேள்?"

விரல் முட்டியெல்லாம் சுண்ணாம்பு. தோல் உரிந்து ரத்தம் கசிந்தது.

மூலையில் இருந்த இரும்பு அலமாரி அன்றைக்குத்தான் முதலில் இருமியது.

துணி எடுக்கப் போன ஸ்யாமளா அதைத் திறந்து மூடினாள். அவள் காதில் ஒன்றும் விழவில்லை. அவனுக்கு விழுந்தது. ஆபீசுக்குப் போனால் அங்கிருந்த பீரோவிலிருந்தும் விழுந்தது. பட்டப்பகலில், எல்லோரும் பேசிக்கொண்டிருக்கும்போது, ஒரு வாய்த் தண்ணீருக்கு ஏங்குகிற இருமல். ஆரம்பத்தில் பலமாக இருந்தது. கப்பல் ஏடனைத் தாண்டியதும் தேய்ந்தது. செங்கடலில் வெறும் மூச்சிரைப்பு. படத்தில் கப்பலுக்கென்று வைத்திருந்த குண்டூசியைச் சூயஸுக்கு நகர்த்திய அன்று மத்தியானம் அதுவும் நின்றது.

அவன் அலமாரியில் காதை வைத்துக் கேட்டான். ஒன்றும் இல்லை.

இதற்குள் தவசி திருப்பூரில் குடும்பம் வைத்திருப்பதாகவும், அவளுக்குக் கைக்குழந்தை இருப்பதாகவும் ஊரில் பேச்சு முற்றியிருந்தது. ஜெயக்கொடி திருப்பூருக்கே போய்த் தெருத் தெருவாக விசாரித்துவிட்டு வந்தாளாம். அதைச் சொன்னவன் சிரித்துக்கொண்டே சொன்னான். சீதாராமனும் சிரித்தான். சிரித்த வாயை என்ன செய்வதென்று தெரியாமல் வெகுநேரம் அப்படியே வைத்துக்கொண்டிருந்தான்.

ராட்டர்டாமிலிருந்து டெலக்ஸ் வந்தது. சீல் உடையாமல் இருந்தது. அட்டைப்பெட்டிகள் அத்தனையும் நல்ல நிலையில் கிடைத்தன. நன்றி. அவ்வளவுதான். அவன் மறுபடி மறுபடி படித்தான். தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தான். உள்ளே ஓர் ஆள் கிடந்ததாக ஒரு வார்த்தை கிடையாது. முதலாளி ஆபீஸ் முழுக்க லட்டு கொடுத்தார். அப்படியானால் சாத்தூரில் கேட்டது பிரமை. தவசி நிஜமாகவே திருப்பூர் போயிருக்கிறான். சீதாராமனுக்குக் கண் நிறைந்துவிட்டது. லட்டைக் கையில் வைத்துக்கொண்டு அழுதான். சந்தோஷத்தில் அழுகிறார் என்றார்கள்.

அவன் கண்ணைத் துடைத்தபோது வாசலில் ஜெயக்கொடி. தலை நிறையப் பூ.

"அவுக வந்துட்டாக சார்."

நேற்று விடியற்காலை கதவைத் தட்டினாராம். ரொம்ப அலுப்பாம், பேச்சே இல்லையாம். சார், சார் என்கிற ஒரே சொல் தவிர. அதனால்தான் கூட்டிப் போக வந்தாள். மேலூர் பஸ்ஸில் அவள் நிறுத்தாமல் பேசிக்கொண்டு வந்தாள். சீதாராமனும் ஆவலாகக் கேட்டுக்கொண்டு வந்தான். தவசியை முழுசாகக் கண்ணால் பார்த்துவிட்டால் போதும். திருவாதவூர் விலக்கில் இறங்கி, அறுப்பு முடிந்த வயல் நடுவே நடந்தார்கள். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது.

"ஊர்ல ஒருத்தரும் நம்ப மாட்டேங்குறாக சார். நீங்க படிச்சவுக. வந்துட்டாகன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா, அம்புட்டுப் பேரும் வாயை மூடிக்கிருவாக."

அவள் வீட்டுக்கு முன்னால் ஊர் நின்றது. வாசலை விட்டு ரொம்பத் தள்ளி நின்றார்கள். ஆண்கள் துண்டாலும் பெண்கள் முந்தானையாலும் மூக்கை மூடியிருந்தார்கள்.

மொக்கையன் கிட்டத்தில் வந்தான். "உள்ள போய்ப் பாருங்க சார். பாத்துட்டு நீங்களே அந்தப் புள்ளகிட்ட சொல்லிருங்க. நாங்க சொன்னா அது காதுல ஏறல. நீங்க சொன்னாத்தான் எடுத்து அடக்கம் பண்ண முடியும்."

சீதாராமன் குனிந்து உள்ளே போனான்.

புதுத்துணிக் கஞ்சி வாசனை. அதற்கு அடியில் உப்பு. கதவு வழியாக விழுந்த வெயில் பாதி அறை வரைக்கும் வந்து நின்றது. அதற்கு அப்பால், சுவரோரம், முழங்காலைக் கட்டிக்கொண்டு.

அது உட்கார்ந்திருந்தது.

கருவாடாகக் காய்ந்த தோல். அதற்குள் எலும்பு. கண் இருந்த இடத்தில் இரண்டு பள்ளம். விரல்கள் முதல் கணுவரை தேய்ந்து மழுங்கியிருந்தன. உதடு சுருங்கிப் பல் அத்தனையும் வெளியே. அதன் முன்னால் வாழை இலையில் மலையாகக் குவித்த சோறு. எறும்பு.

ஜெயக்கொடி முந்தானை நுனியால் அந்த வாயை மெதுவாகத் துடைத்தாள்.

"சிரிக்கிறாக பாருங்க சார். உங்களைக் கண்டதும்."

அவன் திரும்பினான். வாசலில் அத்தனை முகங்களும் அவன் வாயையே பார்த்தன. சொல்ல வேண்டும். செத்துவிட்டான் அம்மா என்று சொல்ல வேண்டும். எப்படிச் செத்தான் என்று கேட்பாள். எப்போது என்று கேட்பாள். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று மொக்கையன் கேட்பான். சொன்னால் இவள் அழுவாள், இது மண்ணுக்குப் போகும், எல்லாம் முடியும். ஒரே ஒரு வரி. காது மடல் சுட்டது. இத்தனை பேர் முன்னாலா. இத்தனை பேர் முன்னாலா.

"ஆமாம்மா," என்றான். "வந்துட்டான்."

வெளியே ஒரு பெண் தலையில் அடித்துக்கொண்டாள். மொக்கையன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். ஒவ்வொருவராக எல்லோரும் போனார்கள். காலடிச் சத்தம் ஓய்ந்தது.

ஜெயக்கொடி முகம் மலர்ந்து பாயை உதறி விரித்தாள்.

காய்ந்த ஓலை உரசுகிற சத்தம். சுவரோரம் அது நகர்ந்தது. ஒரு சாண். இன்னும் ஒரு சாண்.

"உங்களுக்கு இடம் விடுறாக, உக்காருங்க சார்."

சீதாராமன் உட்கார்ந்தான்.

அவன் தோளில் ஒரு தலை வந்து சாய்ந்தது. அதில் கனமே இல்லை.