சீட்டில் இல்லாத மாத்திரை

அவளுடைய செருப்புச் சத்தத்தில்தான் முதலில் ஏதோ பிசகியது. சமையலறையிலிருந்து கூடத்துக்குப் பதினோரு எட்டு. வலது செருப்பு எப்போதும்போல் டப்பென்று விழுந்தது, இடது செருப்பு விழாமல் தரையைத் தேய்த்துக்கொண்டு, பின்னால் யாரையோ இழுத்து வருவதுபோல் வந்தது. தண்ணீர் டம்ளரை வைத்துவிட்டு நின்றாள். அவன் குடித்து முடிக்கும்வரை இமைக்கவில்லை.

மருந்துக்கடைக்காரனான அவனுக்கு அது அப்போதே உறைத்திருக்க வேண்டும். தெருவில் அவனுக்கு அரை டாக்டர் என்று பெயர். காய்ச்சலோ கடுப்போ, அவன் கையால் வாங்கினால் கேட்கும் என்பார்கள். மனைவியின் குமட்டலுக்கும் ஒன்றரை வருஷமாக அவனே வைத்தியம் பார்த்தான். சின்ன வெள்ளை மாத்திரை, வேளைக்கு ஒன்று. சில நாட்களுக்கு மேல் தரக் கூடாது என்று பெட்டிக்குள் மடித்து வைத்த தாளில் பொடியெழுத்தில் இருந்தது. அவன் அதை விரித்ததேயில்லை.

நரம்பு மருத்துவர் அவள் கையை மடக்கி நீட்டினார். கை பல்சக்கரம்போல் விட்டுவிட்டு நகர்ந்தது. கட்டைவிரல் ஆள்காட்டி விரல்மேல் ஓயாமல் எதையோ உருட்டியது. நாற்பதுகூட ஆகாதவருக்குப் பார்க்கின்சன் என்ற நடுக்குவாதம் அபூர்வம் என்றார். சில மருந்துகள் அச்சு அசல் அதே கோலத்தைக் கொண்டுவரும், நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகும் என்றார். பிறகு அவனைப் பார்த்தார்.

"வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறாங்களா?"

அவனுக்குக் காதுமடல் கொதித்தது.

"இல்ல சார்."

அவள் மெல்லத் திரும்பி அவனைப் பார்த்தாள். முகத்தில் ஒன்றுமே இல்லை. கட்டியவனை அடுத்தவர் முன்னால் காட்டிக்கொடுத்துப் பழகாதவள், அவளும் சொல்லவில்லை.

மருத்துவர் பார்க்கின்சனுக்கே மாத்திரை எழுதினார். அதில் அவளுக்கு இன்னும் குமட்டியது. அவள் வழக்கம்போல் அவனிடம் கை நீட்டினாள். இரண்டு நாள் அந்த வெள்ளை மாத்திரையையே கொடுத்தான். மூன்றாம் நாள் கடையில், ஆள் இல்லாத நேரம் பார்த்து, அந்தத் தாளை விரித்துப் படித்தான். அன்றிலிருந்து அதே அளவில், அதே வெள்ளையில், ஒரு சத்து மாத்திரை. அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பாள்.

பார்க்க வந்த அவளுடைய அக்காள், "அரை டாக்டர் வீட்டுலயே இப்படியா? மீதி அரைய எங்க வச்சீங்க மாப்பிள்ள?" என்று கேலி செய்தாள். அவனும் சிரித்தான்.

ஆறு வாரத்தில் செருப்புச் சத்தம் சீரானது. விரல் ஓய்ந்தது. தப்பித்தோம் என்று நினைத்தான். அவள் பிழைத்தாள் என்றல்ல. அது உறைத்தபோது தன் முகத்தைக் கண்ணாடியில் பார்க்கப் பிடிக்கவில்லை.

பிறகு ஒரு சாயங்காலம் கடையை அடைத்துவிட்டு வந்தான். வீட்டில் விளக்குப் போடவில்லை; ஈரத் துணியின் வாடை, கூடத்து மூலையில் சேர்ந்துகொண்டிருந்த இருட்டு, அதற்குள்ளிருந்து பூனை பாலை நக்குவதுபோல் ஒரு சின்னச் சத்தம், விட்டுவிட்டு, ஆனால் நிற்காமல். வீட்டில் பூனை இல்லை. குழாயைப் போய் இறுக்கினான். சத்தம் பின்னால் கேட்டது.

அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"வாயில என்ன?"

"ஒண்ணுமில்லங்க."

பேசி முடித்த பிறகும் வாய் ஓயவில்லை. உதடு குவிந்தது. விரிந்தது. தாடை எதையோ மென்றது. மென்றுகொண்டே இருந்தது. முகம் அவளுடையது. வாய் இல்லை.

அந்தத் தாளில் இதுவும் இருந்தது. ரொம்ப நாள் கொடுத்து நிறுத்தினால் வரலாம். போகாமலே இருந்துவிடலாம். பழைய மாத்திரையையே திரும்பக் கொடுத்தால் அடங்கினாற்போல் தெரியும். அடியில் வளரும்.

"டாக்டர்கிட்ட போலாங்க," என்றாள். சொற்களுக்கு நடுவே நாக்கு எட்டிப்பார்த்தது. "இந்தத் தடவயாவது சொல்லிடுங்க. நானா சொல்ல மாட்டேன்."

சொல்ல வாயெடுத்தான். வெள்ளைக் கோட்டு, கேள்வி, கடைப் பலகையில் அவன் பெயர் எல்லாம் கண்முன் வந்தன. கடைப் பையைத் திறந்தான். பழைய வெள்ளை மாத்திரை அட்டை. ஒன்றைப் பிதுக்கினான். படக்.

"காலைல போலாம். இப்ப இத போட்டுக்கோ."

அவள் அவனையே பார்த்தாள். இமைக்காமல். கன்னத்தில் ஒரு கோடாக நீர். தலையை மெல்ல ஆட்டினாள், வேண்டாமென்று.

அவன் மாத்திரையை அவள் உதட்டருகே நீட்டியபடி நின்றான்.

அவள் வாயைத் திறக்கவில்லை. நாக்குதான் வந்தது. உதட்டைப் பிளந்துகொண்டு, தானாக. இடப்பக்கம் தேடியது. வலப்பக்கம் தேடியது. மாத்திரையைக் கண்டது. நின்றது.