பின் சீட்டுப் பாரம்

வரி கட்டாத காரை ரோட்டில் ஓட்டக் கூடாது. ஆனால் மாடு கட்டி இழுத்துக்கொண்டு போனால் அது ஓட்டுவது ஆகாது. இதுதான் என் வாதம். பத்திரம் எழுதிப் பிழைக்கிற முத்துராமனுக்குச் சட்டத்தின் சந்துபொந்து தெரியாதா என்ன? அப்போது அப்படி ஒரு திமிர் இருந்தது. இப்போது எதுவும் இல்லை. நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

ஐம்பத்தாறாம் வருஷம், சித்திரை மாதம். திருக்கோகர்ணத்தில் அய்யாக்கண்ணு என்பவர் வீட்டுக் கொட்டகையில் கறுப்புக் கார் ஒன்று மூன்று வருஷமாக நிற்கிறது என்று கேள்விப்பட்டு, அன்னவாசலில் இருந்து பஸ் ஏறிப் போனேன். ஆடம்பரத்துக்கு இல்லை. என் மனைவி செவந்திக்கு எட்டு மாதம். முதல் பிள்ளை, புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போகிற பத்து மைலுக்குள் மாட்டு வண்டியிலேயே பிறந்து, மாட்டு வண்டியிலேயே போய்விட்டது. “இனிமே செத்தாலும் மாட்டு வண்டியில ஏற மாட்டேங்க” என்று சொல்லிவிட்டாள். சொன்னால் சொன்னதுதான், அவள் அப்படி.

கொட்டகைக் கதவு முனகிக்கொண்டு திறந்தது. பட்டப்பகலிலும் உள்ளே இருட்டு. எலிகள் ஓடுகிற சத்தம். காரின் பின் கதவைத் திறந்தேன். தூசி வாசனை வரும் என்று பார்த்தால், சுக்கும் பூண்டும் கருப்பட்டியும் போட்டுக் கிண்டிய காயத்தின் வாசனை வந்தது. பிள்ளை பெற்றவளுக்குக் கொடுப்பார்களே, அதுதான். இன்று காலையில் கிண்டியது போல் சூடாக இருந்தது.

அய்யாக்கண்ணு குரலைத் தாழ்த்திக்கொண்டார். “ஒண்ணு சொல்லணுமுங்க. வரி கட்டி டோக்கன ஒட்டுற வரைக்கும் பின் சீட்டுல ஆரையும் ஒக்கார வைக்காதீங்க.”

“ஏன்?”

“என் தங்கச்சி வலி எடுத்து இதுலதான் ஏறி ஒக்காந்தா. வரி கட்டல, எடுக்கப்படாதுன்னுட்டாரு மாப்பிள்ளை. டோக்கன் வரட்டும்னு அவளும் காத்துக்கிட்டே இருந்தா.”

“சட்டப்படி உங்க மாப்பிள்ளை செஞ்சது சரிதானே” என்றேன்.

ஆமாம், என் வாயால்தான் சொன்னேன்.

பிச்சை என்கிற வண்டிக்காரர் ஒரு ஜோடிக் காளையோடு வந்து கயிறு கட்டினார். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் உட்கார்ந்தேன். ஊர் தாண்டவில்லை, அதற்குள் காளைகளின் வாயில் நுரை. பிச்சை இறங்கி வந்து கயிற்றைத் தொட்டுப் பார்த்தார்.

“ஐயா, பின்னால ஆரு?”

“ஆரும் இல்லையே.”

“ஒங்களத் தவிர இன்னொரு ஆளு பாரம் இருக்குங்க.”

“ஒங்க மாடு என்ன தராசா?” என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியில் பார்த்தேன், பின் சீட்டு காலியாகத்தான் இருந்தது. பொழுது சாயத்தான் வீடு வந்து சேர்ந்தோம்.

செவந்திக்கு நிற்க முடியவில்லை, அவ்வளவு சந்தோஷம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு காரைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பின் சீட்டில் ஏறப் போனவளை, “டோக்கன் வரட்டும்” என்று தடுத்தேன்.

“ஆகா! ஒங்க சட்டத்துக்குப் பிரசவம் பாக்கத் தெரியுமாக்கும்?” என்று மோவாயைத் தோளில் இடித்துக்கொண்டு போனாள்.

நாலாம் நாள் விடியற்காலையில், வரி கட்டத் திருச்சிக்குக் கிளம்பினேன். பக்கத்து வீட்டு மரியசெல்வம் பஸ் டிரைவர்; மூன்று வருஷம் நின்ற இஞ்சினைச் சரிபண்ணி வைத்ததும் அவர்தான். அன்று அவருக்கு லீவு. வேலி ஓரமாக வந்து நின்று கேட்டார். “சாவிய வச்சுட்டுப் போங்கண்ணே. அவசரம்னா நான் எடுத்துக்கிட்டுப் போயிருவேன்.”

“வரி கட்டாமலா? புடிச்சா ஆரு பதில் சொல்றது?”

சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு பஸ் ஏறினேன்.

பதினோரு மணிக்கே டோக்கன் கைக்கு வந்துவிட்டது. வட்டமான காகிதம், சீல் வைத்தது. பெரிய சாதனை செய்துவிட்டதாக நினைப்பு. ஓட்டலுக்குப் போய்ப் பூரியும் காப்பியும் சாப்பிட்டேன். அதற்குள் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ் மூன்று மணிக்கு. அந்தக் காப்பியின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஊரில் இறங்கினேன்.

கார் நிற்கிற எங்கள் வீட்டுக் கொட்டகை முன்னால் கூட்டம்.

என்னைப் பார்த்ததும் விலகி வழி விட்டார்கள்.

காய வாசனை வாசல் வரைக்கும் வந்தது. எங்கள் வீட்டில் யாரும் காயம் கிண்டியிருக்கவில்லை.

மரியசெல்வத்தின் கையெல்லாம் கறுப்பு எண்ணெய். சாவி இல்லாமல் காரைக் கிளப்ப என்னென்னவோ செய்து பார்த்திருக்கிறார். “மத்தியானமே அண்ணிக்கு வலி வந்துருச்சுண்ணே. மாட்டு வண்டி பூட்டுறோம்னு கெஞ்சினோம். மாட்டேன்னுட்டாக. அவுக சாவியோட வந்துருவாகன்னு கார்ல ஏறிக்கிட்டாக.”

பிறகு என் காதோரம் குனிந்தார்.

“பக்கத்துல ஆரோ இருக்க மாதிரி பேசிக்கிட்டே இருந்தாகண்ணே. ‘நீங்களும் காத்துக்கிட்டா இருக்கீங்க அக்கா?’ன்னு கேட்டாக.”

பின் கதவு திறந்திருந்தது. செவந்தி ஒரு ஓரமாக, இன்னொருவருக்கு இடம் விட்டு உட்கார்ந்திருந்தாள். கண் மூடவில்லை. பிள்ளை அவள் மடியில், முந்தானைக்குள் இருந்தது. அதற்கும் மூச்சு இல்லை.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பையில் இருந்து டோக்கனை எடுத்து முன் கண்ணாடியில் ஒட்டினேன். நேராக இருக்கிறதா என்று பார்த்தேன். கொஞ்சம் சாய்ந்திருந்தது. திருத்தினேன்.

அழுகை வரவில்லை. இன்று வரைக்கும் வரவில்லை. பாவி நான்தான் என்று தெரிகிறது. தெரிந்து என்ன?

அதற்குப் பிறகு அந்தக் கார் ஓர் அடி நகரவில்லை. ஆனாலும் மூன்று மாதத்துக்கு ஒரு தரம் போய் வரி கட்டிவிட்டு வருகிறேன். “ஓடாத காருக்கு எதுக்குங்க வரி? ஓடலன்னு எழுதிக் கொடுத்தாப் போதுமே” என்றார்கள் ஆபீசில். சரி என்று கேட்டுக்கொண்டு கட்டினேன். டோக்கன் ஒரு நாள் கூடக் காலாவதி ஆனதில்லை. சாவி காரிலேயே தொங்குகிறது.

அறுபத்தொன்றாம் வருஷ ஐப்பசி மழையில் கொட்டகைக் கூரை சரிந்தது. காரை வெளியே இழுக்க வேண்டும். இஞ்சின் எப்போதோ செத்துவிட்டது. சந்தைக்கு வந்திருந்த பிச்சையைத் தற்செயலாகப் பார்த்துக் கூட்டிவந்தேன். காரை விட்டுப் போன அன்றைக்குப் பிறகு அவர் எங்கள் ஊர்ப் பக்கமே வந்தவர் இல்லை. என் வீட்டில் நடந்தது அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

கயிறு கட்டினார். நான் முன்னால் உட்கார்ந்தேன். காளைகள் இரண்டு எட்டு வைத்து நின்றன.

பின்னால் இருந்து காய வாசனை வந்தது.

நான் கண்ணாடியைப் பார்க்கவில்லை.

பிச்சை திரும்பி, என்னைத் தாண்டிப் பார்த்தார். “அன்னைக்கு ஒரு ஆளுதான். இன்னைக்கு ரெண்டு ஆளு பாரமுங்க” என்றார்.

அவர் இன்னும் கொஞ்ச நேரம் பின் சீட்டையே பார்த்தார். பிறகு தார்க்குச்சியைக் கீழே போட்டுவிட்டு, காளைகளின் கழுத்தைத் தடவிக்கொடுத்து, குரலை அடக்கிச் சொன்னார்.

“மெதுவாடா… மெதுவா. பச்சப்புள்ள தூங்குது.”